லிவிங் டுகெதர் உறவும் பாலியல் வழக்கும்: குற்றச்சாட்டு வந்தால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

சென்னை ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடி, கந்தன்சாவடி, துரைப்பாக்கம் என்று வரிசையாக ஐ.டி. நிறுவனங்கள். கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம், வாணியம்பாடி என்று பல ஊர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். பெரும்பாலோர் ஒழுக்கத்தோடு வாழ்கிறார்கள். சிலர் நிக்காஹ் இல்லாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். இது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உறவு முறிந்து, "கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டான்" என்று அந்தப் பெண் காவல் நிலையத்துக்குப் போகும் நாளில், குடும்பத்துக்கு உபதேசம் மட்டும் போதாது. சட்டம் என்ன சொல்கிறது என்ற தெளிவும் வேண்டும்.

வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது சட்டப்படி குற்றமல்ல. நடிகை குஷ்பு மீது போடப்பட்ட 23 புகார்களை 2010 ஏப்ரல் 28 அன்று ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெண் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் நிலைமை வேறு. அங்கே அவருடைய சம்மதம் செல்லாது. போக்சோ சட்டம் பாயும்.

வயது வந்தவர்கள் விஷயத்தில் இரண்டு பிரிவுகளை அறிந்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு பலாத்காரத்தை வரையறுக்கிறது. அதற்குக் குறைந்தபட்ச தண்டனை 10 ஆண்டுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 69ஆவது பிரிவு புதியது. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி தந்தோ, வேறு வஞ்சகத்தாலோ உடலுறவு கொண்டால், அது பலாத்காரம் ஆகாவிட்டாலும் 10 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. வேலை, பதவி உயர்வு என்று பொய்யாக ஆசை காட்டுவதும், அடையாளத்தை மறைத்து மணப்பதும் இந்த வஞ்சகத்தில் அடங்கும்.

ஆக, வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்விதான்: வாக்குத் தந்த அன்று மனதில் என்ன இருந்தது? 2019 ஆகஸ்டில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இரண்டு அளவுகோல்களை வைத்தது. வாக்குறுதி தொடக்கத்திலேயே பொய்யாக இருக்க வேண்டும். அந்தப் பொய்யை நம்பியே பெண் இணங்கியிருக்க வேண்டும். உண்மையாக வாக்களித்து, பிறகு வீட்டார் எதிர்ப்பால் நிறைவேற்ற முடியாமல் போனால் அது வாக்கு மீறல்தான், பலாத்காரம் அல்ல. 2025இல் உத்தரகாண்ட் வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது, வயது வந்த இருவர் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்திருந்தால் விளைவுகளை அறிந்து விருப்பத்தோடு வாழ்ந்ததாகவே அனுமானிக்க வேண்டும் என்றது.

இதைப் படித்துவிட்டு நம் இளைஞர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 2019 ஏப்ரலில் சத்தீஸ்கரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் தண்டனையை இதே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவருக்கு வேறு பெண்ணோடு திருமணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதை மறைத்து வாக்களித்திருந்தார். தண்டனைக் காலம் 10 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகக் குறைந்தது, அவ்வளவுதான். மேலும், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் ஒரு நாள் பலவந்தம் நடந்தால் அது பலாத்காரமே.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள வழிகள் இவை. முதலில் குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆவது பிரிவின்படி செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். புகாரை அப்படியே ஏற்றாலும் அதில் குற்றம் தென்படவில்லை என்றால், 528ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். குற்றப்பத்திரிகைக்குப் பின், வழக்கு செஷன்ஸுக்கு அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் 250ஆவது பிரிவில் விடுவிப்பு மனு கொடுக்கலாம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் விசாரணையில் ஆதாரத்தோடு வாதாட வேண்டியதுதான். வழக்கறிஞருக்கு வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

யூசுஃப் நபி (அலை) மீது பழி வந்தபோது உண்மையைக் காட்டியது, சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்ற தடயம். இன்றைய சட்டை கைபேசிதான். வாட்ஸ்அப் உரையாடல், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, குடும்பங்கள் பேசிக்கொண்ட செய்திகள் எல்லாம் அன்றைய எண்ணத்துக்குச் சாட்சி. பயந்துபோய் ஒன்றையும் அழிக்கக் கூடாது. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

அடுத்து, வீட்டுப் பெரியவர்களுக்கு. பெண் வீட்டுக்குப் போய் மிரட்டுவது, பணம் பேசுவது, ஜமாஅத்தில் உட்கார்ந்து புகாரை வாபஸ் வாங்க வைப்பது என்று இறங்காதீர்கள். மிரட்டல் இன்னொரு வழக்காகும். பலாத்கார வழக்கை முத்தவல்லியோ கட்டப்பஞ்சாயத்தோ முடித்து வைக்க முடியாது. சமரசத்தின் பேரில் ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. அதையும் மிக அரிதாகவே செய்யும். ஜாமீனுக்காக அவசர நிக்காஹ் நடத்துவது இரு உயிர்களுக்கும் அநீதி.

அந்தப் பெண்ணின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் 72ஆவது பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறை. மார்க்கத்திலும், ஒரு பெண்ணின் கற்பின் மீது நான்கு சாட்சிகள் இல்லாமல் பழி சொல்வது பெரும்பாவம். நம் மகன் விடுதலையானாலும் அவள் பொய் சொன்னாள் என்று ஆகிவிடாது. குற்றம் நிரூபணமாகவில்லை என்பது வேறு, புகார் பொய் என்பது வேறு.

ஏமாற்றப்பட்டது நம் மகளாகவும் இருக்கலாம். அப்போது அவளைப் பூட்டி வைக்காமல், 181 உதவி எண்ணையோ மகளிர் காவல் நிலையத்தையோ நாடத் துணை நில்லுங்கள். திருமணத்துக்கு ஒப்பான உறவில் வாழ்ந்த பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது.

நீதிமன்றம் தேடுவது வாக்குத் தந்த நாளின் நிய்யத்தை. மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே. மணக்க எண்ணமிருந்தால் வலீயையும் சாட்சிகளையும் வைத்து மஹரோடு மணக்கட்டும்; இல்லையென்றால் வாக்குத் தராமல் இருக்கட்டும். சென்னைக்குப் பிள்ளையை அனுப்பும் முன் இதை வெட்கப்படாமல் பேசிவிடுவது பெற்றோரின் கடமை. அல்லாஹ் நம் பிள்ளைகளை அநீதி செய்வதிலிருந்தும், அநீதிக்கு ஆளாவதிலிருந்தும் காப்பானாக.