யானை வாங்கியாச்சு... அங்குசம்? (டர்போ காரும் கிளட்ச்சும்)

யானையை விலை பேசி வாங்கியவன் அங்குசத்துக்குக் காசு கொடுக்க யோசித்த கதை எல்லோருக்கும் தெரியும். டர்போ காரை வாங்கி, அதன் பவரையும் ஏற்றிவிட்டு, கிளட்ச் விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் செய்வதும் அதுவே தான். சிலர் நேர் எதிர். தேவையே இல்லாத பந்தயக் கிளட்ச்சை வாங்கி மாட்டிக்கொண்டு, தினமும் இடது காலைத் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே தப்பு என்பது தான் இந்தக் கட்டுரையின் கட்சி.

காருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையில் தான் சென்னையின் கார் பந்தயங்கள் பல வருடங்கள் நடந்தன. கரிவரதன், விஜய் மல்லையா எல்லாம் அங்கே ஓட்டியவர்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வந்த பிறகு தான் பந்தயம் இடம் மாறியது. 1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் திருவள்ளூர் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. வண்டியை மாற்றியமைக்கும் ஆர்வம் உள்ளவர்கள் அந்த லான்சரை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். 2022ல் அதே திருவள்ளூரில் இருந்து சிட்ரோயன் சி3 வந்தது. அதன் டர்போ மாடலில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 பி.எஸ். பவர், 190 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர். ஆக, டர்போ கார் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை. பக்கத்து ஊரில் செய்கிற பொருள்!

டர்போ வண்டியில் பவரை ஏற்றுவது ரொம்ப சுலபம். சாதாரண இன்ஜினில் பவர் கூட வேண்டுமென்றால் உள்ளே கை வைக்க வேண்டும். டர்போவில் இ.சி.யு.வை ரீமேப் செய்து, காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். லேப்டாப்போடு ஒருவர் வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அவர் மாற்றியது இன்ஜினை மட்டும் தான். கிளட்ச் அப்படியே கம்பெனியில் இருந்து வந்த கிளட்ச்.

இங்கே எல்லோரும் செய்கிற முதல் தவறு, குதிரைத்திறனை வைத்துக் கிளட்ச் தேடுவது. "200 குதிரை தாங்குமா அண்ணே?" என்று கடையில் கேட்பதில் அர்த்தமே இல்லை. கிளட்ச்சுக்குத் தெரிந்தது டார்க் மட்டுமே, அதாவது முறுக்கு விசை. பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜின் கத்தினால் தான் முழு டார்க்கும் வரும். டர்போவில் அப்படி இல்லை. சி3யில் முழு 190ம் 1750 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். மேல் கியரில், குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது தான் கிளட்ச்சுக்குச் சோதனை.

கணக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒரு கிளட்ச் தாங்கும் டார்க் = 2 × உராய்வு எண் × பிரஷர் பிளேட் அழுத்தும் விசை × சராசரி ஆரம். 2 எதற்கென்றால், பிளேட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே, அதற்கு. உதாரணத்துக்கு உராய்வு எண் 0.3, அழுத்தம் 5000 நியூட்டன், ஆரம் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். 270 நியூட்டன் மீட்டர் வருகிறது. 190 டார்க் வரும் வண்டிக்கு இது தாராளம்.

இப்போது ரீமேப் செய்து டார்க் 240 ஆகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். 270க்குள் தானே இருக்கிறது, என்ன கவலை? அங்கே தான் இருக்கிறது சிக்கல். டிராஃபிக்கில் சூடேறினால் உராய்வு எண் இறங்கும். 0.3 என்பது 0.25 ஆனால் அதே கிளட்ச் தாங்குவது வெறும் 225 தான். இன்ஜின் தருவது 240. மிச்சம் 15 எங்கே போகும்? கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு, இன்னும் சூடானால் இன்னும் வழுக்கல். கருகிய வாசனை வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

இது பணப் பிரச்சினை மட்டும் இல்லை. தச்சூர் கூட்டு ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரியை ஓவர்டேக் செய்யப் பாதி தூரம் போயாயிற்று. எதிரில் வண்டி வருகிறது. மிதிக்கிறார். ஆர்.பி.எம். முள் மேலே போகிறது, ஸ்பீடோமீட்டர் முள் நகரவில்லை. அந்த இரண்டு விநாடியில் ரீமேப் செய்தவரும் வர மாட்டார், கிளட்ச் விற்றவரும் வர மாட்டார். ஆகவே காலியான ரோட்டில், நாலாவது கியரில், 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாக மிதித்து ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்துவிட வேண்டும். முள் தனியாக ஏறினால் கிளட்ச் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சரி, எதை மாற்றுவது? மேலே சொன்ன கணக்கிலேயே வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அழுத்தத்தைக் கூட்டுவது. கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட், வழக்கமான ஆர்கானிக் லைனிங் உள்ள கிளட்ச் பிளேட். அழுத்தம் 5000ல் இருந்து 6000 ஆனால், சூட்டிலும் 270 தாங்கும். 240க்கு இது போதும். பெடல் கொஞ்சம் கனமாகும், அவ்வளவு தான்.

இரண்டாவது, உராய்வைக் கூட்டுவது. அதாவது செராமிக் பட்டன் வைத்த பிளேட். சூட்டைக் கண்டு பயப்படாது. ஆனால் ஹாஃப் கிளட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடித்தால் பிடி, விட்டால் விட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும்.

மூன்றாவது, இரட்டைப் பிளேட். உரசும் பக்கம் நாலாகிவிடுவதால் தாங்கும் சக்தியும் இரண்டு மடங்கு. விலையும் அதற்கேற்ற மாதிரி.

கடையில் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் தான் 'கெத்து' என்று விற்கப்படும். "நாளைக்கு இன்னும் பவர் ஏத்தினா உதவும் தம்பி" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிளட்ச் ஒரு விதத்தில் வீட்டு ஃபியூஸ் மாதிரி. அது வழுக்காமல் தாங்கிவிட்டால், அந்த அதிர்ச்சி அடுத்து கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைத்தால் வீட்டு ஒயரிங் என்ன ஆகும்? கியர்பாக்ஸ் விலையோடு ஒப்பிட்டால் கிளட்ச் விலை ஒன்றுமே இல்லை.

அதோடு, எந்த ரோட்டில் ஓட்டப் போகிறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, திருவள்ளூரில் வீடு என்று ஒருவர் இருந்தால் அவர் ஓட்டுவது பந்தய மைதானத்தில் இல்லை. ஷிப்ட் விடும் நேரத்து நெரிசல், ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வரிசை. அரை மணி நேரத்தில் ஐம்பது தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும். இந்த ரோட்டில் செராமிக் பிளேட் என்பது கல்யாண வீட்டுக்கு ஃபுட்பால் ஷூ போட்டுப் போவது மாதிரி. எடை குறைந்த பிளைவீலும் அப்படித்தான். இன்ஜின் சட்டென்று சீறும், டிராஃபிக்கில் சட்டென்று நின்றும் போகும்.

எதிர்ப்பக்கத் தவறு, மலிவைத் தேடுவது. புதுப்பேட்டையில் பழைய பிளேட், அல்லது லைனிங் மட்டும் புதிதாக ஒட்டிய பிளேட். சாதாரண வண்டிக்கு அது ஓடலாம். பவர் ஏற்றிய வண்டியில், அதிக ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது லைனிங் பிய்ந்து சிதறும் ஆபத்து உண்டு.

காமர்ஸ் பாடத்தில் வரும் காஸ்டிங் கணக்கு இங்கே உதவும். எந்தக் கிளட்ச் போட்டாலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி ஒன்று தான். ஆகவே பிளேட்டில் சில ஆயிரம் மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் மறுபடி இறக்கினால் நஷ்டம் இரட்டிப்பு. இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். பிளைவீலைப் பார்த்து, பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டால் எந்த உயர்ந்த கிளட்ச்சும் வழுக்கும். புது கிளட்ச்சை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று தண்டனையும் வந்துவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இதைத்தான் கிளறும். வாரண்டியும் கேள்விக்குறி.

ஆக, வரிசை மாற வேண்டும். முதலில் எந்த ரோடு, அடுத்து எவ்வளவு டார்க், அதற்குத் தகுந்த கிளட்ச், கடைசியில் தான் ரீமேப். கிளட்ச்சுக்குப் பணம் இல்லையென்றால் ரீமேப்புக்கும் பணம் இல்லை என்று தான் அர்த்தம். கம்பெனி கொடுத்த 190 நியூட்டன் மீட்டரை ஒழுங்காக ஓட்டினாலே தச்சூர் ரோட்டில் அது அதிகம்.

அங்குசத்துக்குக் காசு எடுத்து வைத்துவிட்டு யானை வாங்கப் போவோமே!