கை முறிந்த பிள்ளையும் கலங்கி நிற்கும் தாயும்



கொட்டகலைப் பக்கம் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே சமதரை என்று ஒன்று கிடைப்பதே அரிது. வீட்டை விட்டு இறங்கினால் படிக்கட்டு. படிக்கட்டு முடிந்தால் பாசி பிடித்த ஒற்றையடிப் பாதை. அதன் ஓரத்தில் கான். கானைத் தாண்டினால் தேயிலைமலைச் சரிவு. மே மாதம் பிறந்து விட்டால் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை எங்கும் மழை விடாது கொட்டும். இவ்வளவுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், கொய்யா மரத்திலும் பேரி மரத்திலும் ஏறுகிறார்கள். விழாமல் இருந்தால்தான் அதிசயம்!

விழுகிற பிள்ளை பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழும். அதனால்தான் சிறுவர்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள எலும்பு அடிக்கடி முறிகிறது. மரத்திலிருந்து விழுந்தால் முழங்கைக்கு மேலே முறிவதும் உண்டு. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இதை அதிகம் காணலாம். இரண்டில் இந்த முழங்கை முறிவுதான் பயப்பட வேண்டியது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த நிமிடத்தைப் பற்றிப் பேசுவோம். பிள்ளை அலறுகிறது. கை வளைந்து கிடக்கிறது. உம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. அக்கம் பக்கத்தார் கூடி விடுகிறார்கள். ஒருவர் கையை இழுத்து நேராக்கச் சொல்கிறார். இன்னொருவர் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார். மூன்றாமவர் காயத்தில் கோப்பித்தூளை அப்பச் சொல்கிறார். இந்த மூன்றையும் செய்ய விடாதீர்கள். முறிந்த முனை கத்தி போல இருக்கும். இழுத்தால் பக்கத்தில் ஓடும் நரம்பையும் இரத்தக் குழாயையும் கிழித்து விடலாம். தோல் கிழிந்திருந்தால் துவைத்த சுத்தமான துணியால் மூடினால் போதும்.

கை எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாமல் வைத்து, கீழே ஒரு தாங்கு கொடுங்கள். பலகை தேடி ஓட வேண்டாம். மடித்த பத்திரிகை, அட்டைப் பெட்டித் துண்டு, ஏன், உங்கள் கையில் இருக்கும் இந்தச் சஞ்சிகையையே வளைத்து வைத்தாலும் போதும்! அதன் மேல் துப்பட்டாவை மெதுவாகச் சுற்றிக் கழுத்தில் தொங்க விடுங்கள். வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கறுப்பு நூல் எல்லாவற்றையும் அப்போதே கழற்றி விடுங்கள். அரை மணி நேரத்தில் கை வீங்கி விடும். அதன் பிறகு அந்த நூலே சுருக்குக் கயிறாகி விடும்.

இன்னொன்று. பிள்ளை அழுகிறதே என்று பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இதில் மட்டும் மனதைக் கல்லாக்கிக் கொள்ளுங்கள். எலும்பை நேராக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஆறு மணி நேரம் போல் காத்திருக்கச் சொல்வார்கள். நீங்கள் அன்போடு கொடுத்த பிஸ்கட், பிள்ளை வலியோடு கிடக்கும் நேரத்தை நீட்டி விடும். டொக்டர் பார்க்கும் வரை ஒன்றும் வேண்டாம்.

எங்கே கொண்டு போவது? கொட்டகலையிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. சிக்கலான முறிவு என்றால் நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை உண்டு. அனுப்பினால் மறுக்காமல் போங்கள். "தூரம், மழை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டுக்குத் திரும்பி விடாதீர்கள்.

வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது மலையகத்துக்கும் வருகிறது. கட்டணம் இல்லை. கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் அடி என்றால் முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்றாதீர்கள். பிள்ளையை அசைக்காமல் அம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

இனி நம் வீடுகளில் எப்போதும் எழும் வாக்குவாதத்துக்கு வருவோம். உம்மும்மா சொல்வார்: "ஆஸ்பத்திரியில் வெட்டி விடுவார்கள், வெதமாத்தயாவிடம் கொண்டு போ." முறிவு வைத்தியத்தை நான் இழிவாகப் பேச வரவில்லை. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆயுர்வேதப் பதிவு பெற்றவர்களும் உண்டு. தமிழ்நாட்டார் புத்தூர்க் கட்டுக்கு ஆந்திராவரை போகிறார்கள். நம்மவர்களுக்கும் இதில் பழைய பெருமை இருக்கிறது. குர்துபாவில் வாழ்ந்து 1013 இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் மருத்துவ நூலின் கடைசிப் பாகத்தில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார். அது லத்தீனுக்குப் போய், ஐரோப்பிய வைத்தியர்கள் பல நூற்றாண்டு அதைப் படித்தார்கள்.

ஆனால் அஸ்ஸஹ்ராவியிடம் எக்ஸ்ரே இல்லை. அது 1895 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நம்மிடம் இருக்கிறது. கையைத் தடவிப் பார்த்து எலும்பு முறிந்திருப்பதைச் சொல்லும் திறமைசாலிகள் உண்டு. ஆனால் பிள்ளையின் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு முறிந்திருக்கிறதா என்பதைத் தடவிப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தட்டில் முறிந்து சரியாகப் பொருந்தாமல் போனால், கை கோணலாக வளரவும் ஒரு கை குட்டையாகிப் போகவும் இடமுண்டு. இன்று தெரியாது. காலம் போகப் போகத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இறுக்கமான கட்டு. முழங்கை முறிவில் வீக்கம் மிக அதிகம். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே வீங்கும் சதைக்கு இடம் இருக்காது. இரத்த ஓட்டம் நின்று விடும். ஆறு மணி நேரம் போல அப்படி இருந்தால் சதை செத்து, விரல்கள் உள்ளே மடங்கி, காலமெல்லாம் அப்படியே இருந்து விடும். வொல்க்மன் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை 1881 இலேயே எழுதி வைத்தார். கையையே எடுக்க வேண்டி வந்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே உம்மும்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். "முதலில் எக்ஸ்ரே எடுத்து டொக்டர் பார்க்கட்டும் உம்மும்மா, பிறகு பேசுவோம்" என்று சொல்லிப் புறப்பட்டு விடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டும் இறுகலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீடு வந்த முதல் இரண்டு நாட்களும் உங்கள் கண் பிள்ளையின் விரலில்தான் இருக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நகத்தில் மருதோன்றி இருந்தால் நிறம் தெரியாது. அப்போது விரல் நுனிச் சதையை அழுத்திப் பாருங்கள். கொட்டகலைக் குளிரில் எல்லார் விரலும் சில்லென்றுதான் இருக்கும். எனவே மற்றக் கையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். விரலுக்குக் கம்பளிச் சொக்ஸ் போடுங்கள், ஆனால் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். விரல் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, பிள்ளையால் அசைக்க முடியாவிட்டாலோ, நீங்கள் விரலை மெல்ல நீட்டினாலே அலறினாலோ, மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரி!

வெள்ளைக் கட்டு காய ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். நம் பக்கத்து ஈரத்தில் மூன்று நாள் என்றே வைத்துக் கொள்ளுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மிலாறு எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். உள்ளே தோல் வெந்து விடும். தலையணை மேல் கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். குளிக்கும்போது பொலித்தீன் பை சுற்றி, வாயைக் கட்டி, கையைத் தண்ணீருக்கு வெளியே பிடியுங்கள். உள்ளே அரித்தால் பிள்ளை பென்சில், ஈர்க்கு, பின்னல் ஊசி எதையாவது நுழைக்கப் பார்க்கும். தோல் கிழிந்து சீழ் பிடித்தால் வெளியே தெரியாது, நாற்றம்தான் காட்டிக் கொடுக்கும். அரிக்கும்போது கட்டின் மேல் மெல்லத் தட்டி விடுங்கள்.

நீளக்கைச் சட்டை கட்டுக்குள் நுழையாது. சட்டைக் கையின் தையலைப் பிரித்து, அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்தால் பாடசாலைச் சீருடையையும் அப்படியே போடலாம். காலில் கட்டு என்றால் கழிவறைதான் பெரும் பாடு. பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக வெட்டி வைத்து விடுங்கள். தொழப் பழகிய பிள்ளை வுழூவுக்கு என்ன செய்வது என்று கேட்கும். கட்டை நனைக்க வேண்டியதில்லை. அதன் மேல் ஈரக் கையால் மஸஹ் செய்யும் சலுகை இருக்கிறது. அதோடு தயம்மும் சேர வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே வித்தியாசம் உண்டு. பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். எழுதும் கை முறிந்து, புலமைப்பரிசில் பரீட்சையும் நெருங்கியிருந்தால் கடைசி வாரம் வரை இருக்காமல் வைத்தியச் சான்றிதழோடு அதிபரைப் போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. எலும்பு சூப் நல்லதுதான், ஆனால் அதில்தான் எலும்பு ஒட்டும் என்பதில்லை. பால், முட்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, கீரை, குரக்கன் எல்லாம் போதும். வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் பிள்ளையை வெளியே உட்கார வையுங்கள்.

இனி உங்களைப் பற்றி. பிள்ளை விழுந்த அன்றிரவே பேச்சு தொடங்கும். "நீ எங்கே போயிருந்தாய்?" மாமி கேட்பார். மதினி கேட்பார். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா தொலைபேசியில் முதலில் கேட்பதும் அதுவாகவே இருக்கும். பிள்ளை விழுந்தது மரத்திலிருந்து, பழி விழுவது தாயின் மேல்! எட்டு வயதுப் பையனைப் பகல் முழுவதும் கையில் பிடித்துக் கொண்டிருக்க எந்தத் தாயாலும் முடியாது. பிடித்துக் கொண்டிருந்தால் அவன் ஓடக் கற்க மாட்டான். ஆண்கள் இதைப் படிக்கிறார்களோ என்னவோ, படித்தால் ஒன்று சொல்வேன்: முதல் கேள்வி "பிள்ளைக்கு எப்படி?" என்றும், இரண்டாவது "நீ சாப்பிட்டாயா?" என்றும் இருக்கட்டும். சகோதரிகளே, வாப்பாவிடம் மறைக்காமல் அன்றே சொல்லி விடுங்கள். மூன்றாம் ஆள் மூலம் கேள்விப்பட்டால் கவலை இரட்டிப்பாகும்.

பிள்ளையையும் அன்று திட்டாதீர்கள். ஏச்சுக்குப் பயந்தே வீங்கிய கையைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டு இரண்டு நாள் சுற்றும் பிள்ளைகள் உண்டு. கட்டோடு இருக்கும் பிள்ளைக்கு எல்லாரும் இனிப்பு கொண்டு வரும்போது தம்பி தங்கை முகம் வாடுவதையும் கவனியுங்கள்.

கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லி விட வேண்டும். எல்லா எலும்பும் விழுந்து முறிவதில்லை. வீட்டிலோ பாடசாலையிலோ மத்ரஸாவிலோ அடித்து முறிவதும் உண்டு. அப்படி என்றால் "படியில் விழுந்தது" என்று டொக்டரிடம் சொல்லாதீர்கள். குடும்ப மானம், உஸ்தாதின் மரியாதை என்று மூடி மறைத்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த அடியும் விழும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணில் பேசலாம். இன்னும் நடக்காத குழந்தைக்கு முறிவு என்றால் ஆஸ்பத்திரியில் பல கேள்வி கேட்பார்கள். கோபப்படாதீர்கள். கேட்பது அவர்கள் கடமை.

நல்ல செய்தி, பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களுடையதைவிட வேகமாக ஒட்டுகிறது. கை என்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம். கால் என்றால் கூடுதல். கட்டு வெட்டும் மெஷினின் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். அதன் பல் சுழல்வதில்லை, அதிர்வது மட்டுமே. கட்டை வெட்டத்தான் செய்யப்பட்டது, தோலை வெட்டாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். கட்டைத் திறந்தால் கை மெலிந்து, தோல் செதில் செதிலாக, ரோமம் கூடியிருக்கும். பார்த்துப் பதறாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் லேசாகத் தடவினால் சில நாளில் தோல் தேறிவிடும். ஆனால் முழங்கை மடங்கவில்லையே என்று அழுத்தி உருவி, பலவந்தமாக மடக்காதீர்கள். அதனால் மூட்டு இன்னும் இறுகிப் போகலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர் வாளியில் கையை விட்டு பிள்ளை தானாக மடக்கி நீட்டட்டும். பந்து, மாவுருண்டை, பம்பரம் எதுவானாலும் விளையாடட்டும். கொய்யா மரத்துக்கு மட்டும் டொக்டர் சரி சொல்லும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் அந்த மரத்தடியில் கிடக்கும் கல்லையும் மிலாற்றையும் அப்புறப்படுத்தி வையுங்கள், எப்படியும் திரும்ப ஏறத்தான் போகிறான்.