வேலியில் பழுத்தால் மட்டும் போதாது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பிரிட்டனில் ஆரஞ்சுப் பழம் அரிதாகிப் போனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு அந்நாட்டு அரசு வயலோர உயிர்வேலிகளிலேயே விடை கண்டது. அங்கே முள்ளும் கொடியுமாகப் படர்ந்திருக்கும் காட்டு ரோஜாவில், இதழ் உதிர்ந்த பின் இலையுதிர் காலத்தில் சிறு சிவப்புப் பழம் பழுக்கும். ரோஸ்ஹிப் என்று பெயர். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். ரொனால்டு மெல்வில், மேக்னஸ் பைக் போன்ற அறிவியலாளர்கள் அதை அளந்து, வடக்கே போகப் போகப் பழத்தில் சத்து கூடுவதையும் கண்டார்கள். 1941இல் பள்ளிப் பிள்ளைகளும் சாரணர்களும் மாதர் சங்கத்தாரும் டன் கணக்கில் பறித்துத் தந்தார்கள். மறு ஆண்டு அது சிரப்பாகக் கடைக்கு வந்தது. நாட்டுப்பற்றின் சாதனையாக இதைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தப் பழத்தை உணவாக்கியது செய்முறை அறிவு. அந்த அறிவைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் மட்டும் தேடாமல், நல்ல காலத்திலும் பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும்.

ரோஸ்ஹிப்பைப் பறித்ததும் வாயில் போட்டுக்கொள்ள முடியாது. தோலுக்குள் விதைகளைச் சுற்றி நுண்ணிய மயிர் அடைந்திருக்கும். அது வாயையும் தொண்டையையும் அரிக்கும். பழம் நசுங்கியதுமே அதிலுள்ள நொதி வைட்டமினை அழிக்கத் தொடங்கிவிடும். செம்புப் பாத்திரத்தில் வைத்தால் சேதம் இன்னும் வேகமாகும். பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் அன்று வெளியிட்ட குறிப்பில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. இரண்டு பவுண்டு பழத்தைக் கொரகொரப்பாக அரைத்த கையோடு, கொதித்துக்கொண்டிருக்கும் மூன்று பைன்ட் தண்ணீரில் போட வேண்டும். மறுபடி கொதி வந்ததும் இறக்கி, கால் மணி நேரம் விட்டு, துணியில் வடிக்க வேண்டும். சக்கையை இன்னொரு முறை கொதிநீரில் போட்டு வடித்து, சாற்றைச் சுண்ட வைத்து, சர்க்கரை சேர்த்துச் சூடான பாட்டில்களில் அடைக்க வேண்டும். அரைத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் சத்து வீணாகும். கொதிநீரில் உடனே போட்டால் நொதி செயலிழக்கும். குறிப்பு சிறிய பாட்டில்களைக் கேட்பதும் காரணத்தோடுதான்: திறந்த சிரப் ஓரிரு வாரத்துக்கு மேல் தாங்காது.

இவ்வளவு நுட்பமாகக் கற்றுக்கொண்டதைப் பிரிட்டன் பெரும்பாலும் கைவிட்டது. போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் பறிப்பு தொடர்ந்தது. ஆரஞ்சு தாராளமாக வரத் தொடங்கியதும் வேலிப் பழம் பறவைகளோடு நின்றுவிட்டது. ஸ்வீடனில் அப்படி ஆகவில்லை. ‘நிபோன்சொப்பா’ என்ற ரோஸ்ஹிப் சூப் அங்கே இன்றும் அன்றாட உணவு. சூடாகவோ குளிரவைத்தோ, பாதாம் பிஸ்கட்டோடு சாப்பிடுகிறார்கள். ஜெர்மனியின் ஃபிராங்கோனியா பகுதியில் கார்னிவல் காலத்துப் பலகாரத்துக்குள் இதே பழத்தின் விழுதைத்தான் வைக்கிறார்கள். பிரிட்டன் இதைக் கரண்டியில் ஊற்றும் மருந்தாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. மற்றவர்கள் தட்டில் வைத்தார்கள். தேவை தீர்ந்ததும் மருந்து மறந்துபோகும். நாக்குக்குப் பழகிய ருசி தலைமுறை தாண்டும்.

மாத்திரை மலிவாகக் கிடைக்கும்போது முள்ளில் கை விட வேண்டுமா என்று கேட்கலாம். வைட்டமின் ஒன்றுதான் நோக்கமென்றால் மாத்திரையே போதும். ஆனால் பழ விழுதில் நார்ச்சத்து உண்டு, கரோட்டின் நிறமிகள் உண்டு, புளிப்பும் மணமும் உண்டு. அதைவிட முக்கியமாக, கப்பல் வராத நாளில் மாத்திரையின் மூலப்பொருளும் வராமல் போகலாம். சர்க்கரை பற்றிய கவலை இதைவிட வலுவானது. இந்த சிரப்பைக் குழந்தையின் சூப்பானில் தடவிக் கொடுத்ததால் பல் சொத்தையான கதைகள் உண்டு. அதனால்தான் சிரப்பை மட்டும் நம்பாமல் சூப், விழுது, உலர்த்திய தோல் என்று சர்க்கரையைக் குறைக்கக்கூடிய வழிகளையும் கற்றுத்தர வேண்டும் என்கிறேன்.

ஊரே பறித்தால் பறவைகளுக்கு என்ன மிஞ்சும் என்பது நியாயமான கேள்வி. பனிக்காலத்தில் கரும்பறவைகளும் வடக்கிலிருந்து வரும் பூங்குருவி இனங்களும் இந்தப் பழத்தை நம்பியிருக்கின்றன. அதற்கு வழி, ஒவ்வொரு செடியிலும் பாதிக்கு மேல் விட்டுவைப்பதும், வேலியை ஆண்டுதோறும் ஒட்ட வெட்டாமல் காய்க்க விடுவதும்தான். வேலியால் பயனடைபவர்களே அதை அழியாமல் பார்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், விற்பனைக்காக அல்லாமல் காட்டுப் பழம் பறிப்பதைத் திருட்டாகக் கருதுவதில்லை. சொந்தத் தேவைக்குப் பறிப்பதற்கு அந்தச் சட்டம் தடையாக இல்லை. பறித்ததை என்ன செய்வது என்பதைப் பள்ளிச் சமையல் வகுப்பு கற்றுத்தர வேண்டும். போர்க்காலத்தில் அவசரமாக அச்சிட்டு வழங்கிய அறிவை அமைதிக் காலத்துப் பாடத்தில் சேர்க்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது அதை முதலிலிருந்து கண்டுபிடிக்க நேர்ந்தால், அந்தத் தாமதத்தின் விலையைக் குழந்தைகள்தான் கொடுப்பார்கள்.