கூச்சத்துக்குப் பாடம் எடுப்பதற்கு முன்

வகுப்பில் வாய் திறக்காத மாணவரை ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று துறைத் தலைவர்கள் பலர் நினைக்கிறார்கள். கல்லூரி ஆலோசகர்களாகிய நாமும் தலையாட்டிவிடுகிறோம். கண்ணைப் பார்த்துப் பேசு, நிமிர்ந்து உட்கார், புன்னகை செய் என்று பாடம் நடக்கிறது. கூச்சப்படுகிறவருக்குப் பழகத் தெரியாது என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை.

அந்த நம்பிக்கை சரியா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஃபிலிப் ஜிம்பார்டோ 1970களில் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 40 சதவீதம் பேர் தங்களைக் கூச்ச சுபாவிகள் என்றே சொன்னார்கள். அத்தனை பேருக்குமா பேசத் தெரியாது? நம் அறையில் ‘ம்’, ‘இல்ல சார்’ என்பதற்கு மேல் வாய் திறக்காதவர், விடுதி மெஸ்ஸில் சாம்பாரைக் கிண்டலடித்து மேசையையே சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் தடுப்பது எது? சமூக அச்சம் உள்ளவரின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன்மீதே திரும்பிவிடுகிறது என்று உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் விளக்கினார்கள். குரல் நடுங்குகிறதா, வியர்ப்பது தெரிகிறதா என்று உள்ளுக்குள் ஓயாத கண்காணிப்பு. அவரிடம் போய்ப் பார்வையையும் கவனித்துக்கொள் என்றால் கண்காணிக்க இன்னொன்றைக் கொடுத்தவர்களாகிறோம். அப்புறம் கேட்ட கேள்வியே அவர் காதில் விழாது.

தன் நடுக்கம் எல்லோருக்கும் தெரிகிறது என்ற அவரது எண்ணத்தைச் சரிபார்க்க வீடியோ பதிவு நல்ல கருவி. ஆனால் எடுத்த கையோடு போட்டுக் காட்டக் கூடாது. பதிவில் எப்படித் தோன்றுவீர்கள் என்று முதலில் விவரமாகச் சொல்லவைத்து, பிறகு முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்ல வேண்டும். கை வெடவெடவென நடுங்கியது என்று சாதித்தவர், திரையில் அந்த நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

உண்மையிலேயே திறன் குறைந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி தேவைதான். ஆனால் தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலக் குழு விவாதத்தில் (ஜி.டி.) மௌனமாக இருப்பதைக் கூச்சம் என்று கோப்பில் எழுதுவது அநியாயம். அது மொழிச் சிக்கல்.

இந்தப் பருவத்தில் பயிற்சிக்குப் பெயர் சேர்க்குமுன், ஒவ்வொருவரையும் பழகிய மொழியில், பழகிய ஆட்களோடு ஒருமுறை பேசவிட்டுப் பாருங்கள். அங்கே சரளமாகப் பேசுபவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவர் கவனத்தை வெளியே திருப்பும் வேலையைத் தொடங்குங்கள்.