மூடியைத் திறப்பதற்கு முன்னால்



உங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி திடீரென்று படம் காட்ட மறுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். அதற்கும் மசியாவிட்டால் திருப்புளியைத் தேடுவீர்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு பாட்டியம்மாள் வீட்டில் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரை வீடு வீடாக இலவசமாகக் கொடுத்த பெட்டிகளில் அதுவும் ஒன்று. மாலையில் அவருக்குப் பேச்சுத்துணை அதுதான்.

ஓர் ஐப்பசி மாதம். மலை முழுவதும் பனிமூட்டம். பெட்டியில் பேச்சு கேட்கிறது, படம் வரவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன், “நான் சரி பண்ணுறேன் ஆயா” என்று முன்வந்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ‘இனி மின்சாரம் ஏது?’ என்று எண்ணிப் பின்பக்க மூடியைக் கழற்றி, படக்குழாயின் மேல் ஒட்டியிருந்த ரப்பர்க் குல்லாயைத் தூக்கிப் பார்த்தான். அவ்வளவுதான், கை உதறிப் பின்னால் போயிற்று. போகிற போக்கில் படக்குழாயின் மெல்லிய கழுத்தை இடித்து உடைத்தது. ‘உஸ்’ என்று காற்று உள்ளே புகுந்தது. கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் நான்கு தையல்.

மறுநாள் ஏற்காட்டிலிருந்து வந்த மெக்கானிக், செட்டாப் பாக்ஸிலிருந்து பெட்டிக்கு வரும் மஞ்சள் முனை வயரை மல்டிமீட்டரால் சோதித்தார். முனையில் பச்சைக் களிம்பு ஏறி, இணைப்பு அறுந்திருந்தது. “பெட்டிக்கு ஒண்ணும் இல்லை தம்பி. வெளியே இருந்த வயர்தான் போயிருக்கு” என்றார்.

பழுதே இல்லாத பெட்டி, பழுது பார்த்ததால் செத்தது! பையனும் மயிரிழையில் தப்பினான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரமா?

ஆம். படக்குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் வேகமாகப் பாய்ந்து திரையில் மோதினால்தான் ஒளி தோன்றும். அந்த வேகத்தைக் கொடுக்க, 14 அங்குல வண்ணப் பெட்டியில் ஏறத்தாழ 20,000 வோல்ட் அழுத்தம் வேண்டும். குழாயின் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு உண்டு. இரண்டு கடத்திகள், நடுவே கடத்தாத கண்ணாடி. இப்படி ஓர் அமைப்பை உங்கள் இயற்பியல் பாடத்தில் பார்த்திருப்பீர்களே! அது மின்தேக்கிதான். படக்குழாயே ஒரு பெரிய மின்தேக்கி. பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் சேர்ந்த மின்னூட்டம் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில்கூடத் தங்கியிருக்கும். ரப்பர்க் குல்லாய்க்கு அடியில் பையனைத் தாக்கியது இதுதான்.

இன்னொரு மின்தேக்கியும் உள்ளே பதுங்கியிருக்கிறது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் இடத்தில், உருளை வடிவில் நிற்கும். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். ‘20,000 எங்கே, 300 எங்கே!’ என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். மின்தேக்கியில் உள்ள ஆற்றல், மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கி, அதில் பாதி எடுத்தால் கிடைக்கும். படக்குழாயின் மின்தேக்குத் திறன் 1 நானோஃபாரட் என்று கொண்டால் ஆற்றல் 0.2 ஜூல். உருளை மின்தேக்கி 100 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 300 வோல்ட்டில் அதன் ஆற்றல் 4.5 ஜூல். இருபது மடங்குக்கும் மேல்! மின்னழுத்தம் குறைவான இடம் ஆபத்தும் குறைவான இடம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு, பார்த்தீர்களா?

மூன்றாவது ஆபத்து மின்சாரத்தைச் சேர்ந்ததே இல்லை. படக்குழாய்க்குள் வெற்றிடம். ஆகவே வெளிக்காற்று அதை எல்லாப் பக்கமும் நெருக்குகிறது. 14 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 600 சதுர செ.மீ. கடல் மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. மீது ஏறக்குறைய 1 கிலோகிராம் எடை அழுத்துவதால், திரையின் மேல் மட்டும் 600 கிலோ! ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் 85 விழுக்காடுதான். இருந்தாலும் 500 கிலோவுக்குக் குறையாது. அகன்ற பகுதியில் குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் உள்நோக்கிப் பாய்ந்து எல்லாப் பக்கமும் சிதறும்.

மலையில் வேறொரு தொல்லையும் உண்டு. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது அல்லவா? அந்த அடர்த்தி குறைந்த காற்றில் மின்பொறியும் சற்று எளிதாகத் தாவும். உள்ளே படிந்த தூசி பனிமூட்டத்தின் ஈரத்தை உறிஞ்சினால், அதன் வழியாக உயர் மின்னழுத்தம் கசியும். பெட்டிக்குள் ‘படபட’வென்று பொரிகிற சத்தம் கேட்டாலோ, காரமான ஒரு நெடி வந்தாலோ உடனே நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அந்த நெடி ஓசோனுடையது.

கண்ணும் காதும் போதும்

‘அப்படியானால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பழுது பார்ப்பதில் பாதிக்கு மேல், பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான். மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே கத்தியைக் கையில் எடுப்பதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். பெட்டிக்கும் நாடி உண்டு. மூடியைத் தொடாமலே அதைப் பார்க்கலாம்.

பேச்சும் இல்லை, படமும் இல்லை, முன்பக்கச் சிறுவிளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம் உள்ளே வரவில்லை என்று பொருள். சுவர்ப் பிளக்கில் வேறொரு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். அது எரிந்தால் பழுது பெட்டியின் மின்வழங்கிப் பகுதியில் இருக்கக்கூடும். எரியாவிட்டால் பெட்டியின் மேல் குற்றம் சொல்லாதீர்கள்.

திரையின் நடுவே படுக்கைவாட்டில் ஒரே ஒரு பளீர்க் கோடு தெரிகிறதா? எலெக்ட்ரான் கற்றை திரையைக் குறுக்காக நொடிக்கு 15,625 தடவையும், மேலிருந்து கீழாக நொடிக்கு 50 தடவையும் வருட வேண்டும். கோடு தெரிவதால் குறுக்கு வருடல் நடக்கிறது. மேலிருந்து கீழே வருடும் பகுதிதான் படுத்துவிட்டது. எவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டோம்! ஆனால் பெட்டியை உடனே நிறுத்திவிடுங்கள். ஒரே கோட்டில் கற்றை விழுந்துகொண்டிருந்தால் திரையின் பூச்சு கருகிப்போகும்.

திரையின் மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ திட்டுத் தெரிந்தால், பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் காந்தம் எலெக்ட்ரான்களின் வழியைத் திருப்பியிருக்கும். அதை நகர்த்திவிட்டு, பெட்டியை அரைமணி நேரம் முழுதாக நிறுத்தி மறுபடி போடுங்கள். வண்ணப் பெட்டிக்குள் காந்தத் தன்மையைப் போக்கும் கம்பிச்சுருள் உண்டு. போட்டவுடன் அது தன் வேலையைச் செய்யும்.

பேச்சு மட்டும் கேட்கிறது, படம் இல்லை என்றால்? தொலை இயக்கியை எடுத்துப் பெட்டியின் ஒலியைக் கூட்டுங்கள். ஒலி அளவைக் காட்டும் கோடு திரையில் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் படக்குழாய் வேலை செய்கிறது, 20,000 வோல்ட் வருகிறது, வருடலும் நடக்கிறது. பழுது வெளியிலிருந்து படம் வரும் வழியில் இருக்க வாய்ப்பு மிகுதி. வயரையும் செட்டாப் பாக்ஸையும் பாருங்கள். நாகலூர் வழியில் அந்தப் பேரன் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான். ஒரு பொத்தான், ஒரு நொடி!

இது புதிய வித்தையும் இல்லை. சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் “வருது, வருது... போச்சு!” என்று கூவாத தெரு இல்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவைப் பார். அறிவியல் சோதனைக்கு இதைவிட நல்ல இலக்கணம் ஏது?

தூக்கி எறியலாமா?

‘இத்தனை வம்பு எதற்கு? பழசைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டைத் திரைப் பெட்டி வாங்கிவிடலாமே!’ என்பார் சிலர். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் எறிவது எங்கே? படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை உடைத்து ஓடையில் வீசினால், மலையில் பெய்யும் மழை அதைச் சும்மா விடுமா? சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. மேலே நாம் போடுவது கீழே உள்ளவர்களைத் தேடிப் போகும். உண்மையிலேயே ஆயுள் முடிந்த பெட்டியை உடைக்காமல், மின்கழிவை முறைப்படி எடுத்துக்கொள்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்து பயன்படுத்த வேண்டும்.

பழுது பார்ப்பதை உலகமே இப்போது ஓர் உரிமையாகப் பேசுகிறது. தொலைக்காட்சிக்கான உதிரிப் பாகங்கள் சிலவற்றைக் குறைந்தது 7 ஆண்டுகள் கொடுத்தாக வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென நம் மத்திய அரசும் 2022இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. உரிமை வந்தால் போதுமா? அதைப் பயன்படுத்தும் அறிவும் வேண்டாமா?

ஆகவே என் கருத்து இதுதான். பழுதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. மூடியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை. மின்னூட்டத்தை எப்படி இறக்குவது என்று இங்கே நான் வேண்டுமென்றே எழுதவில்லை. நீச்சலைப் போல அதுவும் அருகில் ஒருவர் நிற்கக் கற்க வேண்டிய கலை. ஆசை இருந்தால் பேட்டரியில் ஓடும் டார்ச்சு விளக்கிலும் டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் தொடங்குங்கள். 6 வோல்ட், 9 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. ஊரிலுள்ள மெக்கானிக்கிடம் விடுமுறையில் போய் உட்கார்ந்து பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்தபின் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவும் காத்திருக்கிறது.

இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பக்கத்துக்கு நான்கு பத்தி: கண்ட அறிகுறி, என் ஊகம், செய்த சோதனை, கிடைத்த முடிவு. வீட்டில் எது பழுதானாலும் முதலில் அதில் எழுதுங்கள். மெக்கானிக் வரும்போது அதைக் காட்டுங்கள். உங்கள் ஊகம் சரியா என்று அவரையே கேளுங்கள். தவறாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள், உள்ளங்கையில் தையல் இல்லாமலே!