கீறலைத் திருத்தலாம், மறைக்கலாமா?

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக்குப் பிரெஞ்சில் 'லூனெத்' என்று பெயர். அதையே பன்மையில் சொன்னால் மூக்குக்கண்ணாடி. என்னைப் போலப் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரி அன்பர்களுக்கு இது தெரிந்ததுதான். மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்தால் நாம் வில்லையைப் பற்றிக் கவலைப்படுவோம், ஃபிரேமைப் பற்றி அல்ல. துப்பாக்கித் தொலைநோக்கி வைத்திருப்பவர்களோ வில்லை நன்றாக இருந்தும், குழாயின் கறுப்பில் ஒரு கோடு விழுந்தால் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

பிரான்சிலிருக்கும் என் தங்கை மகன்கள் இருவருக்குள் இது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. அவர்களின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். இலையுதிர் காலம் வந்தால் ஊர்க்காரர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். போன ஆண்டு காலமானார். அவருடைய தொலைநோக்கியில் முள்ளும் கார்க் கதவும் போட்ட கீறல்கள் ஏராளம். "முழுக்க ஸ்ப்ரே அடித்துப் புதிது போலாக்கி விற்றுவிடலாம்" என்கிறான் மூத்தவன். "அப்பா கைபட்ட பொருள், தொடவே கூடாது" என்கிறான் இளையவன். "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று இருவருமே வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்பு எதற்கு என்று பார்க்க வேண்டும். பளபளப்பில்லாத கறுப்பு அழகுக்காக வந்ததல்ல. வெயில் பட்டு மின்னக் கூடாது என்பதற்காக வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான குழாய்கள் அலுமினியம். அதன் மேல் இருப்பது பெயின்ட் அல்ல. அமிலத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத்தின் மேலேயே வளர்த்தெடுத்த ஒரு படலம். அதற்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அது கீறினால் உள்ளே வெள்ளி போலத் தெரியும். ஆனால் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. பழைய எஃகுக் குழாயானால் கதை வேறு. கீறலைச் சும்மா விட்டால் துரு ஏறும். எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும்.

ஆகவே இளையவனுக்கு நான் சொன்னது: மின்னுகிற கீறலைத் திருத்துவதில் தப்பில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவரே திருத்தியிருப்பார். குண்டுகளை எடுத்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார். தொலைநோக்கியைக் கழற்றாதே, கழற்றினால் குறி மாறிவிடும். வில்லைகளை மூடு. ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடை. பளபளப்பில்லாத கறுப்பு எனாமலைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் வை. ஒரே தடவையில் அப்பாதே. காயவிட்டு இரண்டாவது முறை வை. வளையங்கள் பிடிக்கிற இடத்தைத் தொட வேண்டாம். அங்கே கீறல் யார் கண்ணிலும் படாது.

மூத்தவனுக்குச் சொன்னது வேறு. ஸ்ப்ரே வில்லை மேலும் திருகுகள் மேலும் படியும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நான் முப்பது ஆண்டுக்கு மேல் பதிவேடு எழுதியவன். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது; ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பழையது என்னவென்று பின்னால் வருகிறவன் படிக்க முடிய வேண்டும். விற்கிற பொருளும் அப்படித்தான். எங்கே அடிபட்டது என்று வாங்குகிறவன் பார்க்க வேண்டும். குழாய் நசுங்கியிருந்தால் உள்ளே பழுது இருக்கலாம். திருத்தினேன் என்று சொல்லி விற்பது வியாபாரம். பூசி மறைத்துப் புதிது என்று விற்பது மோசடி. அப்பாவின் பொருளில் அதைச் செய்யாதே என்றேன்.

மூத்தவன் இன்னும் பதில் போடவில்லை. இளையவன் மட்டும் எனாமல் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பி, "இதுதானே மாமா?" என்று கேட்டிருக்கிறான். மூடியில் 'மேட்' என்று போட்டிருக்கிறது. சரியானதைத்தான் வாங்கியிருக்கிறான்.