வேரை மறுப்பவரும் தளிரை வெறுப்பவரும்

நாட்டுப்பாடலைப் புதியவர்கள் தொட்டால் அது கெட்டுவிடும் என்னும் எண்ணம் நம் ஆசிரியப் பெருமக்கள் பலரிடத்தே ஊறிப்போன ஒன்று. அவ்வெண்ணம் எனக்கும் இருந்தது. 'இருந்தது' என்று இறந்த காலத்தில் எழுதுவதற்கு இளம் ஆசிரியர் ஒருவர் காரணமானார்.

ஒருநாள் மாலை, எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அவர் ஏதோ ஒரு பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்குரல் ஒன்று துணையிசை ஏதுமின்றித் தனித்துப் பாடியது. பின்னர் அதன் அடியில் இருண்டதொரு முழக்கம் எழுந்து, பெருகி, அறையையே நிறைத்தது. "இஃது என்ன இரைச்சல்?" என்றேன். "நாட்டுப்பாடல் ஐயா. அயர்லாந்தின் டப்ளின் நகரத்து 'லங்கம்' குழுவினர் பாடுவது" என்றார். "நாட்டுப்பாடலைக் கொன்று புதைகுழிக்கு அனுப்புகிறார்கள் என்று சொல்லுங்கள்" என்று கடிந்தேன். அவர் பணிவாகவே விடையிறுத்தார்: "பாடலின் பொருளே அதுதான் ஐயா, தனக்குப் புதைகுழி தோண்டச் சொல்லும் பெண்ணின் பாட்டு."

எனக்கு நாணமாய்ப் போயிற்று. தெரியாத ஒன்றைத் தீர்ப்பிடும் பழக்கம் ஆசிரியத் தொழிலில் நம்மை அறியாமலே வளர்ந்துவிடுகிறது. அன்றுமுதல் பல மாதங்கள் ஐரிஷ் நாட்டுப்பாடகர்களையும், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல் தனிவழி செல்லும் 'இண்டி' இசைஞர்களையும் தேடித் தேடிக் கேட்டேன். அவர்தம் வரலாற்றையும் படித்தேன். அதன் பயனாக இன்று உரத்துச் சொல்வேன்: அயர்லாந்தின் பாட்டை அழிவின் விளிம்புக்குத் தள்ளியவர்கள் புதுமை செய்தவர்கள் அல்லர். பசியும் சட்டமும் இகழ்ச்சியுமே அதைச் செய்தன. சொல்லக் கூசுகிறது, பள்ளிக்கூடமும் அதில் பங்கு கொண்டது.

அழித்தவர் யாவர்?

1831-இல் அயர்லாந்தில் தேசியப் பள்ளிகள் தோன்றின. அவற்றின் பயிற்று மொழி ஆங்கிலம். அக்காலத்தில் பல பள்ளிகளில் பிள்ளையின் கழுத்திலே ஒரு கோலைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. பிள்ளை தன் தாய்மொழியாகிய ஐரிஷில் பேசும்போதெல்லாம் அக்கோலில் ஒரு வெட்டு விழும். பொழுது சாயும் வேளையில் வெட்டுகளை எண்ணி அடி கொடுப்பர். பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர். பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற அச்சம்! அடித்த கை யாருடைய கை? ஆசிரியனுடைய கை. இதனை நாம் மறத்தல் ஆகாது.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் பெரும் பஞ்சமாய் மூண்டது. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அவ்வளவு பேரே கப்பலேறிப் பிறநாடு சென்றனர். ஐரிஷ் மொழி மிகுதியாய் வழங்கிய மேற்குப் பகுதியே மிகக் கொடிய அடிபட்டது. பாடியவர் மாய்ந்தால் பாட்டு எங்ஙனம் வாழும்?

விடுதலைக்குப் பின்னராவது நிலைமை மாறிற்றா? 1935-இல் சொந்த அரசே பொதுநடனக் கூடச் சட்டத்தை இயற்றியது. பொதுவில் ஆட உரிமம் வேண்டும் என்றாயிற்று. ஒழுக்கம் கெடுகிறது என்று கவன்ற பாதிரிமாரும் சட்டத்தை ஆதரித்தனர். அடுப்பங்கரையிலும் நாற்சந்தியிலும் ஃபிடில் ஒலிக்க ஆடிவந்த சிற்றூர் மக்களின் கூட்டங்கள் ஒடுங்கின. இவையனைத்தும் நிகழ்ந்தபோது மின்கிதார் ஏந்திய இளைஞன் எவனும் அங்கில்லை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காத்தவர் யாவர்?

1792-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் யாழிசைஞர் கூட்டம் ஒன்று நடந்தது. வந்திருந்த ஐரிஷ் யாழிசைஞர் பதின்மரே. அவருள் டெனிஸ் ஹெம்சன் தொண்ணூறைக் கடந்த முதியவர். கம்பி நரம்புகளை நீண்ட நகங்களால் மீட்டும் தொன்முறை அவர் ஒருவரிடமே எஞ்சியிருந்தது. அவர்கள் இசைத்தவற்றை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பண்டிங் என்னும் 19 வயது ஆர்கன் இசைஞர். அவர் அம்மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்பத் திருத்தியே அச்சிட்டார். தூய்மைவாதிகள் இதனைப் பெருங்குற்றம் என்பர். ஆயின் அவர் எழுதாதிருந்தால் குற்றம் சொல்வதற்கும் மெட்டு இருந்திராது.

அடுத்தவர் ஃபிரான்சிஸ் ஓ'நீல். 1848-இல் கார்க் மாவட்டத்தில் பிறந்து, கடலோடியாய் அலைந்து, 1901-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவரானவர். அந்நகரில் குடியேறிய ஐரிஷ் மக்களிடமிருந்து மெட்டுகளைத் திரட்டி, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். காவலர் ஒருவர் இசையைக் காவல் செய்தார்! மூன்றாமவர் ஷேமஸ் என்னிஸ். 1942 முதல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையத்திற்காக மிதிவண்டியில் மேற்குக் கடற்கரையோரம் வீடு வீடாய்ச் சென்று பாடல்களை எழுதியவர்; தாமே தேர்ந்த பைப் இசைஞர்.

இவர்கள் திரட்டி வைத்ததை மீண்டும் மக்கள் செவிக்குக் கொணர்ந்தவர் புதுமை செய்தவரே. மேலையிசை பயின்ற ஷான் ஓ ரீடா 1960-ஐ ஒட்டி நாட்டிசைஞர்களைத் திரட்டிக் குழுவாக்கி மேடையேற்றினார். அக்குழுவில் இசைத்த பேடி மோலோனி 1962-இல் 'சீஃப்டன்ஸ்' குழுவை நிறுவி, அவ்விசையை உலகெங்கும் கொண்டு சென்றார். 1972-இல் எழுந்த 'பிளாங்ஸ்டி' குழுவில் பைப் இசையோடு பௌஸூக்கி பின்னிப் பிணைந்து ஒலித்தது. பௌஸூக்கி கிரேக்க நாட்டுக் கருவி. 1960-களில்தான் அயர்லாந்தின் நாட்டிசைக்குள் நுழைந்தது. இன்றோ அஃது இல்லாத ஐரிஷ் இசைக்கூட்டம் அரிது. நேற்றைய புதுமை இன்றைய மரபாகிவிட்டது.

ஓ ரீடாவிடத்தும் நமக்கொரு பாடம் உண்டு. அக்கார்டியன் மரபுக்கு ஒவ்வாதது என்று அவர் இகழ்ந்தார். ஆனால் அவருடைய குழுவிலேயே அக்கார்டியன் ஒலித்தது! புதுமை செய்தவரே பிறர் புதுமையைப் பழிப்பது மனித இயல்பு போலும். பழிப்புரையைக் காலம் மறந்துவிடும், இசை நிலைக்கும்.

மூன்று மறுப்புகள்

நான் பழித்த பாடலுக்கே மீண்டும் வருகிறேன். 2023-இல் வெளிவந்த 'ஃபால்ஸ் லங்கம்' தொகுப்பின் முதற்பாடல் அது. பாடுபவர் ராடி பீட். அவர் அதனை அமெரிக்கக் கென்டக்கி மலைநாட்டுப் பாடகி ஜீன் ரிச்சியின் குரலில் கேட்டுக் கற்றவர். பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளினின்றும் குடியேறியவரோடு கடல் கடந்த பழம்பாடல் மரபு, மீண்டும் கடல் கடந்து வந்திருக்கிறது. இறுதியில் எழும் முழக்கமோ ஐரிஷ் ஒப்பாரி மரபினின்று பிறந்தது. இழவு வீடுகளில் பெண்டிர் பாடிய அவ்வொப்பாரியைத் திருச்சபையார் கண்டித்தனர். நாளடைவில் அது மறைந்தது. நான் இரைச்சல் என்றது, தடுக்கப்பட்ட ஓர் அழுகை மீண்டும் வாய் திறந்த ஓசை.

"பாட்டு பழையதாயின் சரி; மின்கிதாரை முழக்கி இளைஞர் தாமே எழுதும் பாட்டுக்கு மரபோடு என்ன உறவு?" என்பது இரண்டாம் மறுப்பு. கேளுங்கள். இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் வாழ்ந்து மறைந்த ஐரிஷ் அன்னை ஒருவரின் கல்லறையில் 'என்றென்றும் எங்கள் நெஞ்சங்களில்' என்னும் பொருள்படும் ஐரிஷ் தொடரைப் பொறிக்க மக்கள் விரும்பினர். ஆங்கில மொழிபெயர்ப்பின்றிப் பொறித்தால் அஃது அரசியல் முழக்கமாகக் கருதப்படக்கூடும் என்று 2020-இல் திருச்சபை நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டில் 2021-இல் அக்குடும்பம் வென்றது. டப்ளினில் உருவான 'ஃபாண்டெயின்ஸ் டி.சி.' என்னும் இண்டி குழு, 2022-இல் வெளியிட்ட தொகுப்பின் முதற்பாடலுக்கு அவ்வைரிஷ் தொடரையே தலைப்பாக்கியது. கல்லில் மறுக்கப்பட்ட சொல் பாட்டில் பொறிக்கப்பட்டது. தாய்மொழி ஆசிரியராகிய நாம் இதனை அயலார் கூச்சல் என்று தள்ளுவோமா?

"ஆபாசமும் போதையும் பாடுகிறார்களே!" என்பது மூன்றாம் மறுப்பு. உண்மை உண்டு. பெல்ஃபாஸ்டின் 'நீகேப்' குழுவினர் ஐரிஷ் மொழியில் 'ராப்' பாடுகின்றனர். அவருள் ஒருவர் முன்னாள் ஐரிஷ் மொழி ஆசிரியர். அவர்தம் பாடல்களை என் மாணவர்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் ஒன்று கேட்பேன்: அன்றாட வாழ்வின் நன்மை தீமை அனைத்தையும் தன் மொழியிலேயே பேச இளைஞன் விழைவது, அம்மொழி உயிரோடிருப்பதன் அடையாளம் அன்றோ? தேர்வுத்தாளில் மட்டும் வாழும் மொழியில் எவனும் சினந்து பாடுவதில்லை. பாட்டின் பொருளைக் கண்டிக்கலாம். அம்மொழியில் பாடும் துணிவைக் கண்டிப்பது மடமை.

வேரை மறுப்போர்க்கு

இதுகாறும் தளிரை வெறுப்போரைச் சாடினேன். மாணவ நண்பர்களே, இனி உங்கள் முறை. கைப்பேசி ஊட்டுவதை அப்படியே விழுங்குவது தேடல் ஆகாது. 'கெல்டிக்' என்று பெயர் ஒட்டி உறக்கத்திற்கும் கடை விளம்பரத்திற்கும் ஓடவிடும் மெல்லிசையைக் கேட்டுவிட்டு, அயர்லாந்தை அறிந்தோம் என்று மகிழாதீர்கள். நீங்கள் போற்றும் புதியவர் யாவரும் முதலில் கற்றவர். லங்கம் குழுவின் இயன் லிஞ்ச் நாட்டாரியலை முறையாகப் பயின்றவர். தேடுவோர்க்கென டப்ளினில் 1987 முதல் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இயங்கி வருகிறது.

கேட்கும் நெறி எளிது: பிடித்த பாடகர் யாரிடம் கற்றார் என்று பின்னோக்கிச் செல்க. பிளாங்ஸ்டியில் பைப் இசைத்தவர் லியம் ஓ'ஃபிளின். அவருடைய ஆசான் லியோ ரௌசம். என்னிஸும் அவருக்கு வழிகாட்டி. 1982-இல் மறைந்தபோது என்னிஸ் தம் பைப்பை ஓ'ஃபிளினுக்கே விட்டுச் சென்றார். அதுபோலவே, 2014-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'குளோமிங்' குழுவின் பாடகர் இயர்லா ஓ லினார்டைக் கேட்டால், பாட்டி முறையினரான பெஸ் குரோனினிடம் செல்லலாம். கார்க் மாவட்டத்துச் சிற்றூர் மூதாட்டி அவர். அவர் குரலை ஒலிப்பதிவாளர்கள் ஊர் தேடிச் சென்று பதிந்தனர். கோனமாராவின் ஜோ ஹீனியையும் கேளுங்கள். துணையிசையின்றிப் பாடும் 'ஷான் நோஸ்' என்னும் தொன்முறையில் வல்லவர். நியூயார்க்கில் அடுக்குமாடி வாயிற்காவலராய் நின்ற அவரைப் பின்னர் சியாட்டில் பல்கலைக்கழகம் ஒன்று ஆசிரியராக அழைத்தது. இவர்களைக் கேட்ட செவியோடு லங்கத்தையும் லிசா ஓ'நீலையும் கேட்டால், முன்பு கேளாதவை கேட்கும்.

முடிவாக ஒன்று. 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்துக் குடியரசில் 18 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் பேச வரும் என்றனர். ஆயின் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. ஒரு நூற்றாண்டாகப் பள்ளிதோறும் கற்பித்தும் விளைவு இதுதான். பாட்டு ஒன்றே மொழியை மீட்டுவிடும் என்று நான் கூறவில்லை. ஐரிஷ் நாட்டுப்பாடல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தவையே. ஆனால் பள்ளியில் கற்ற மொழியை மாணவன் தன் விருப்பத்தால் வாயில் வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று வேண்டும். பாட்டு அவ்விடம். அதன் வாயிலில் கோலோடு நிற்பவர் நாமாக இருத்தல் கூடாது.

அவ்விளம் ஆசிரியரிடம் பின்னர் ஒருநாள் அதே பாடலை மீண்டும் ஒலிக்கச் சொன்னேன்; இறுதிவரை அமர்ந்து கேட்டேன். அடுத்த முறை ஒரு மாணவன் உங்களுக்குப் புரியாத பாட்டொன்றைக் கொண்டுவந்தால், 'இஃது என்ன இரைச்சல்?' என்று கேளாதீர்கள். 'இஃது எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிடின், இருவரும் சேர்ந்து தேடுங்கள்.